காத்துவெட்டி

முடிதிருத்துபவருக்குத் தெருவில் 'காத்துவெட்டி' என்றே பேர். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கத்தரியால் வெறுங்காற்றை இரண்டு தடவை வெட்டாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. ஆனால் நாற்காலியில் அடுத்தவர் தலை அசைந்தால் எண்ணெயில் விழுந்த கடுகாய்ப் பொரிவார். "ஆடாதீங்க!" ஒரே அதட்டலில் எந்தத் தலையும் கல்லாகிவிடும்.

அன்று வந்த இளைஞனின் கழுத்து மட்டும் அடங்கவில்லை. தாடையில் சவரக்கத்தியை வைத்ததும் வெடுக்கென்று ஒருபக்கம் இழுத்தது. அதட்டினார். அவன் மூச்சைப் பிடித்து அடக்கினான், முகம் சிவந்தது, பிறகு ஒன்றுக்கு மூன்றாய் இழுத்தது.

"திமிருங்க. சின்னதுலேர்ந்து கெட்ட பழக்கம்," என்றான் பெஞ்சில் இருந்த அவன் அண்ணன், காலை ஆட்டிக்கொண்டே.

"முதல்ல நீங்க காலை ஆட்டாதீங்க," என்றார் முடிதிருத்துபவர்.

கால் சட்டென்று நின்றது.

"இதுதாங்க பழக்கம். சொன்னா நிக்குது. தம்பிக்குச் சொல்லச் சொல்லக் கூடுதே, அதுக்குப் பேரு திமிரா?"

கத்தியை எட்டத் தூக்கிப் பிடித்தார். "அடக்காத தம்பி. வரப்போகுதுன்னா விரலைத் தூக்கு. வந்து போகட்டும், அப்புறம் வழிக்கிறேன்."

பதினோரு தடவை விரல் எழுந்தது. ஒரு கீறல்கூட விழவில்லை.

அவர்கள் போனபின் அன்று முழுக்கக் காற்றை வெட்டாமல் இருந்து பார்த்தார். கை குறுகுறுத்தது, ஆனால் முடிந்தது; அவருடையது வெறும் பழக்கம்தான். முடிந்ததுதான் அவரைக் குத்தியது. போன வருஷம் இப்படிக் கழுத்து இழுத்த ஓர் ஆளைப் பாதிச் சவரத்தில் எழுப்பி விரட்டியிருந்தார். ஒரு கன்னத்து நுரையோடு அந்த ஆள் தெருவைக் கடந்துபோனது, கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் தெரிந்தது.