குழாய்க்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

என்னைப் போல ஐ.டி. வேலைக்காகப் பெங்களூருக்கு வந்தவர்களுக்கு வீரம் வருவது மொபைலில்தான். ஊர்வலத்துக்குப் போகமாட்டோம். வாக்காளர் அட்டையில் முகவரி மாற்றக்கூடச் சோம்பல்படுவோம். ஆனால் பேர் போடாமல் ஒரு பேஜ் ஆரம்பித்து அரசியல்வாதிகளைக் கிழிகிழி என்று கிழிப்போம். நானும் ஒன்று நடத்தினேன். தேர்தலில் சொன்னது என்ன, ஜெயித்ததும் செய்தது என்ன என்று போட்டுக் கேலி செய்வதுதான் அதன் வேலை. எங்கள் பகுதித் தலைவர் எதைக் கேட்டாலும் "நோட்தீனி" என்பார். கன்னடத்தில் 'பார்க்கிறேன்' என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை ஸ்டிக்கராகப் போட்டே கூட்டம் சேர்த்தேன்.

என் வீட்டில் வேலை செய்யும் அக்கா, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், இருக்கிறார். ஒருநாள் பாத்திரம் தேய்த்தபடி குழாய்க் கதையைச் சொன்னார். தேர்தலுக்கு முந்தின மாதம் தலைவரின் ஆட்கள் வந்து, வீட்டுக்கு வீடு வாசல் சுவரில் பளபளவென்று ஒரு குழாய் மாட்டிவிட்டுப் போனார்களாம். நூறே நாளில் காவிரித் தண்ணீர் என்றார்களாம். தலைவர் ஜெயித்து இரண்டு வருஷமாகியும் ஒரு சொட்டு வரவில்லை. "நான் அதுல டிபன் பையைத்தான் மாட்டி வெக்கிறேன் சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போனதும் லேப்டாப்பைத் திறந்தேன்.

எங்கள் ஊரில் தெருமுனைக்குத் தெருமுனை ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எனக்கு மனப்பாடம். நடுவில் குழாயின் படம், அதற்கு ஒரு மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தோற்றம்: ஓட்டுக் கேட்டு வந்த அன்று. மறைவு: ஓட்டு எண்ணி முடித்த அன்று. கீழே இடம் காலியாக இருந்தது. துயரத்தில் வாடுபவர்கள் யார் என்று போடாமல் அஞ்சலி போஸ்டர் முடியாது. கை தானாகவே அக்காவுடைய கிராஸின் எண்ணை அடித்து, பக்கத்தில் 'பொதுமக்கள்' என்று சேர்த்தது. என் பேரைப் போடவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அது வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது. ஆபீஸில் ஒருவன் என்னிடமே காட்டி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் அக்கா தாமதமாக வந்தார். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவர்கள் கிராஸுக்கு வாரத்தில் இரண்டு தடவை லாரித் தண்ணீர் வரும். அனுப்புவது தலைவரின் ஆள். அவன் லாரியை நிறுத்திவிட்டானாம். கேட்கப் போன பெண்களிடம், சாவு வீட்டுக்குத் தண்ணீர் எதற்கு, நீங்கள்தானே போஸ்டர் போட்டீர்கள் என்றானாம். நாங்கள் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அவன் காதில் வாங்கவில்லை. அக்கா பக்கத்துக் கிராஸில் கெஞ்சி, குடம் குடமாகத் தூக்கி வைத்துவிட்டு வேலைக்கு வந்திருந்தார்.

"எந்தப் பாவி போட்டானோ தெரியல சார். உங்க ஆபீஸ்ல எல்லாம் கம்ப்யூட்டர் ஆளுங்கதானே? யாரையாச்சும் கேட்டு அதை எடுக்கச் சொல்லுங்க சார்."

"பார்க்கிறேன் அக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. உறைத்தும் நான் எடுக்கவில்லை. அன்று மத்தியானம் ஒரு செய்திச் சேனல்காரர், நிகழ்ச்சியில் காட்டலாமா என்று பேஜுக்கு எழுதியிருந்தார். டிவியில் வந்தால் தலைவருக்குச் சூடு பிறக்கும், குழாயிலேயே தண்ணீர் வந்துவிடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நான் செய்ததை டிவியில் பார்க்க எனக்கு ஆசை. அந்த ஆசையில் மூன்று நாள் இழுத்தேன். மூன்று நாளும் அக்கா வேலை முடித்துவிட்டு, என் சமையலறைக் குழாயில் ஒரு கேன் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

டிவியில் வரவேயில்லை. அதற்குப் பிறகுதான் எடுத்தேன். போட்டது நான், கிராஸ்காரர்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று பேஜில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் ஆள் யார் என்று தேடுவார்களே என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அக்கா முகமெல்லாம் மலர்ந்து வந்தார். கிராஸ் பெண்கள் எல்லோரும் தலைவரின் ஆபீஸுக்குப் போய், செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டு, அவருக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். லாரி மறுபடி வந்துவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க அதை எடுக்க வெச்சதாலதான் அவரு மனசு எறங்குச்சு சார். கிராஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். பிறகு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, டிபன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "அவருக்கு வாங்கும்போதே உங்களுக்கும் ஒண்ணு வாங்கிட்டோம் சார்."

அந்தப் பாவி நான்தான் அக்கா என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். ஈரம் காயாத கையால் அவர் சால்வையை என் தோளில் போட்டுவிட்டார்.