மேலே கண்டபடி

பட்டன் டீச்சருக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அவர் குட்டி வகுப்பு, நான் ஒன்றாம் வகுப்பு. நடுவில் ஒரு மரத்தடுப்பு மட்டும். அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் பத்தொன்பது வருடமாக என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. வருடத்தின் முதல் மூன்று வாரம் அங்கே எழுத்தும் கிடையாது, பாட்டும் கிடையாது. நாலு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து தங்கள் சட்டைப் பட்டனைத் தாங்களே போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பழகுவார்கள். மகனைக் கொண்டுவிட வந்த ஓர் அப்பா அவசரத்தில் குனிந்து தானே போட்டுவிடப் போனார். டீச்சர் அவர் கையைத் தள்ளிவிட்டு, "காலேஜுக்கும் நீங்களே கூடப் போய்ப் போட்டுவிடுவீங்களா?" என்று கேட்டார். மூக்கு ஒழுகுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு காலேஜ் பேச்சா என்று அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார்.

அவருக்கு எந்தப் பேச்சும் காலேஜில்தான் போய் முடியும். வகுப்பறை மூலையில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி ஜன்னல் மாதிரி நிறுத்தியிருந்தார். சாக்பீஸ், கத்தரிக்கோல், தண்ணீர் டம்ளர், எது வேண்டுமானாலும் பிள்ளை அதன் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். முறை வந்ததும் முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும், எதற்கு என்றும் சொல்ல வேண்டும். "எனக்கு நீல சாக்பீஸ் வேணும். எதுக்குன்னா, ஆறு வரையணும்." அந்த 'எதுக்குன்னா' வராவிட்டால் சாக்பீஸும் வராது. தண்ணீருக்குக்கூடவா இந்தக் கெடுபிடி என்று ஒருமுறை கேட்டேன். தாகம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகிவிடப் போகிறது என்றார்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கதை உண்டு. பதினேழு வயதில் அவர் தன்னந்தனியாக ஒரு கல்லூரி அலுவலகத்துக்கு விண்ணப்பம் வாங்கப் போனார். அப்பா லிப்ட் இயக்குபவர், அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. எங்கே போய் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளில்லை. அங்கே ஏழு ஜன்னல், ஏழு வரிசை. எதில் நிற்பது என்று தெரியவில்லை, பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவும் வெட்கம். இருப்பதிலேயே சின்ன வரிசையில் போய் நின்றுவிட்டார். அது ஆசிரியர் பயிற்சிக்கான வரிசை. "மருந்து தயாரிக்கிற படிப்பு படிக்கணும்னு போனேன். வரிசை சின்னதா இருந்ததால டீச்சராயிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

வளர்ச்சி அட்டையும் அவர் கொண்டுவந்ததுதான். இரண்டு வருடம் தலைமையாசிரியரின் உயிரை வாங்கி அதைச் சாதித்தார். பிள்ளைக்கு ஓர் அட்டை, நாலு வயதில் தொடங்கும். எதில் ஈடுபாடு, எதில் தயக்கம் என்று வகுப்பாசிரியர் வருடத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்து எந்தப் பிரிவில் படிப்பது என்று முடிவு செய்யும்போது, பதினொரு வருடம் பார்த்தது கையில் இருக்கும். தன்னைப் போல யாரும் வரிசையின் நீளத்தைப் பார்த்து வாழ்க்கையை முடிவு செய்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். யோசனை தங்கமானது. அதை நிரப்ப வாய்த்தவர்கள்தான் நாங்கள்.

எனக்கு வருடத்துக்கு நாற்பது பிள்ளைகள். அட்டைக்கு ஒரு கட்டம் என்றாலும் நாற்பது கட்டம். அதுவும் வருடக் கடைசியில், விடைத்தாள் கட்டு ஒரு பக்கம் மலையாகக் குவிந்திருக்கும்போது. குட்டி வகுப்பிலிருந்து வந்த அட்டையில் பட்டன் டீச்சர் முத்து முத்தாக எழுதியிருப்பார். அதற்குக் கீழே நான் 'மேலே கண்டபடி' என்று எழுதிவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விடுவேன். எனக்குப் பிறகு வந்தவர்களும் கெட்டிக்காரர்கள். ஒரு பையனின் அட்டையில் 'அடிக்கடி மூக்கை உறிஞ்சுகிறான்' என்று இருந்தது, எட்டாம் வகுப்பு வரை மேலே கண்டபடி மேலே கண்டபடி என்று ஏறிக்கொண்டே போயிற்று. அதற்குள் அவன் கால்பந்து அணிக்குத் தலைவனாகி, மீசைகூட அரும்பியிருந்தது. ஆசிரியர் அறையில் அதை வைத்து ஒரு வாரம் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு எங்களுக்கே திரும்பி வந்தது பஸ் ஓட்டும் ஓர் அம்மாவின் பெண் விஷயத்தில்.

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணக்கில் எண்பதுக்கு மேல் எடுத்தால் நேராகக் கணக்குப் பிரிவு. அறுபத்தைந்துக்கும் எண்பதுக்கும் நடுவில் இருந்தால் அட்டையைப் பார்த்து முடிவு செய்வார்கள். அந்தப் பிரிவு கிடைக்காதவர்கள் பொறியியல் கல்லூரி வாசலை மறந்துவிட வேண்டியதுதான். அந்தப் பெண் எடுத்தது எழுபத்து நாலு. அட்டையைப் பார்த்தார்கள், இடமில்லை என்று பட்டியல் ஒட்டினார்கள்.

மறுநாள் இரண்டு ட்ரிப்புக்கு நடுவே கிடைத்த இடைவேளையில் அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். சீருடையைக்கூட மாற்றவில்லை, மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அலுவலகத்தில் காரணம் கேட்டார். சத்தம் போடவில்லை. கிளார்க் அட்டையை எடுத்து வாசித்தார். முதல் வரி: எண்ண மறுக்கிறாள், கணக்கில் ஈடுபாடு இல்லை. அடுத்தது மேலே கண்டபடி. அதற்கடுத்ததும் மேலே கண்டபடி. நாலைந்து தாண்டியதும் கிளார்க்கின் குரல் தானாகவே இறங்கிவிட்டது. அந்தப் பெண் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் டிப்போ தாளின் பின்பக்கமெல்லாம் இவள் போட்ட கணக்குதான் என்றார் அம்மா. எந்த வழியில் எத்தனை பஸ் விட்டால் யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்று எட்டு வயதிலிருந்தே போட்டுப் பார்க்கிறாளாம். அதைத்தான் படிக்க வேண்டும் என்கிறாளாம். சொல்லிவிட்டுக் கேட்டார்: "நாலு வயசுல யாரோ எழுதினதை வெச்சா எம் பொண்ணு என்ன ஆகணும்னு முடிவு பண்றீங்க?"

அந்த 'யாரோ' சாக்பீஸ் டப்பா வாங்குவதற்காக என்னோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பட்டன் டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் பாக்காம ஒரு வரி எழுத மாட்டேன். அன்னிக்கு நடந்தது என் டைரியில இருக்கு. கொண்டு வந்து காட்டறேன், இருங்க" என்று விறுவிறுவென நடந்தார். துணைக்கு நானும் போனேன். அலமாரிக்கு மேலே இருக்கும் பெட்டியை இறக்க ஸ்டூலில் ஏறும் வேலை எப்போதும் எனக்குத்தான்.

பதினொரு வருடத்துக்கு முந்தைய டைரி கிடைத்தது. தும்மிக்கொண்டே பக்கத்தைத் தேடிப் பிடித்து, அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டப்போகும் குரலிலேயே எனக்கு வாசித்தார். இருபது பட்டன் கொடுத்து எத்தனை என்று கேட்டேன். எண்ணவில்லை. தரையில் நாலு நாலாக, மேலிருந்து கீழாக அடுக்கினாள். மறுபடி கேட்டதற்கு 'அஞ்சு சட்டை' என்றாள். இருபது என்ற பதில் வரவில்லை.

முடித்தவர் இன்னொரு தடவை வாசித்தார், இந்த முறை மெதுவாக. எங்கள் குட்டி வகுப்புச் சட்டைக்கு நாலு பட்டன். மூன்று வாரமாக அந்தப் பிள்ளை அதைத்தானே போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் எண்ணச் சொல்லியிருக்கேன்மா. அவ வகுத்திருக்கா" என்றார். "எழுதியும் வெச்சிருக்கேன். எனக்குத்தான் புரியல."

அந்த நேரத்தில் நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. மூடி வையுங்கக்கா, டைரி கிடைக்கலன்னு சொல்லிடலாம் என்றேன். முதல் வரி தப்பென்றால் அதற்குக் கீழே இருக்கும் என் வரியும் சந்தி சிரிக்கும். அவருக்கோ அதைவிடப் பெரிய நஷ்டம். பக்கத்துப் பள்ளிக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போன திட்டம் அது. அவர் வாழ்க்கையில் செய்ததிலேயே பெரிய காரியம். அதையே நிறுத்திவிடுவார்கள். இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. சேலையில் ஒட்டியிருந்த தூசியைக்கூடத் தட்டாமல் டைரியோடு கிளம்பிவிட்டார்.

அலுவலகத்தில், அம்மாவும் மகளும் கேட்க, அதே பக்கத்தை முழுதாக வாசித்தார். பஸ்காரம்மா கோபத்தில் ஏதாவது சொல்லியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பேசியது அந்தப் பெண்தான்.

"கணக்கு வகுப்புல என்னை யாருமே எழுப்பிக் கேக்க மாட்டாங்க டீச்சர். எனக்கு வராதுன்னு நானே நெனச்சுக்கிட்டேன். வீட்டுல போடறது கணக்குன்னே எனக்குத் தோணல."

"அதையும் நான்தான் உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார் பட்டன் டீச்சர். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் காலை தலைமையாசிரியர் அறையில் தேர்வுக் குழு கூடியது. டீச்சர் டைரியை மேசைமேல் வைத்து, முதல் வரி தவறு, எழுதியது நான் என்றார். தலைமையாசிரியர் கேட்கக் கூடாததைக் கேட்டுவிடவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். இது தவறென்றால் மற்ற நானூறு அட்டைகளை எப்படி நம்புவது? நம்ப வேண்டாம், எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும், அட்டையே வேண்டாம் என்று முடிவானாலும் தான் வாய் திறக்கப் போவதில்லை என்றார் டீச்சர். இவ்வளவு ஆன பிறகு நான் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்குமா? எழுந்து, இரண்டாவது வரி என்னுடையது, அந்தப் பிள்ளையைப் பார்க்காமலே எழுதினேன் என்றேன். எதிரே தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்பு டீச்சர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். அவள் நிமிர்ந்து நின்றாள். மேல் பட்டன் வரைக்கும் ஒழுங்காகப் போட்டிருந்தாள்.

"எனக்குக் கணக்குப் பிரிவு வேணும் சார். எதுக்குன்னா, எனக்கு வருமா வராதான்னு இன்னும் யாரும் பாக்கல. நானும் பாக்கல."

பட்டன் டீச்சர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அந்த 'எதுக்குன்னா' எந்த ஜன்னலில் கற்றது என்று அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஒரு பருவம் பார்க்கலாம் என்று இடம் கொடுத்தார்கள். முதல் தேர்வில் அறுபத்தொன்றுதான் வாங்கினாள். கணக்கு வாத்தியார் தினமும் அவளை எழுப்பிக் கேள்வி கேட்டார்; பிடிக்கிறதோ இல்லையோ, அவள் எழுந்து பதில் சொன்னாள். அடுத்தது எழுபத்தெட்டு. அதற்குப் பிறகு பருவம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அட்டையையும் நிறுத்தவில்லை. இப்போது ஒவ்வொன்றின் மேலும் ஒரு கெட்டிக் காகிதம் கட்டியிருக்கிறது. நாம் எழுதுகிற கட்டத்தைத் தவிர மேலே எதுவும் தெரியாது. எழுதிக் கொடுத்த பிறகுதான் கிளார்க் அதை அவிழ்ப்பார். அந்த ஏற்பாடு செய்தவரும் பட்டன் டீச்சர்தான். இதனால் என் கதி என்ன ஆயிற்று என்றால், வருடக் கடைசியில் நாற்பது பிள்ளைகளோடும் தரையில் உட்கார வேண்டியிருக்கிறது. முட்டி வலிக்கிறது. போன வருடம் ஒரு பிள்ளையிடம் இருபது பட்டனைக் கொடுத்தேன், ஒன்றைக் காதில் போட்டுக்கொண்டான். அதையும் எழுதினேன்.

இந்த வருடம் கல்லூரி திறப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம், நானும் பட்டன் டீச்சரும் வீட்டுக்குப் போக பஸ் ஏறினோம். ஓட்டுநர் இருக்கையில் அந்த அம்மா. வண்டி கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, போக்குவரத்துப் படிப்பேதான் என்றார். விண்ணப்பம் கொடுக்கத் தனியாகவே போனாளாம். அம்மாவுக்கு மனசு கேட்காமல், ட்யூட்டி முடிந்ததும் ஓடிப்போய் வாசலில் நின்று பார்த்தாராம்.

"ஒன்பது ஜன்னல் டீச்சர். முதல் ஜன்னல்லயே நேரா போய்க் கேட்டா, எனக்கு இந்தப் படிப்பு வேணும், எதுல நிக்கணும்னு. இருக்கறதுலயே நீளமான வரிசையைக் காட்டினாங்க. ரெண்டரை மணி நேரம் நின்னா. பக்கத்துல ஒரு வரிசை காத்தாடிக்கிட்டிருந்துது, திரும்பிக்கூடப் பாக்கல."

பட்டன் டீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது, எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வரிசை எவ்வளவு நீளம் இருந்தது என்று இன்னொரு தடவை கேட்டார். வண்டியைக் கிளப்புவதற்கு முன் பஸ்காரம்மா இன்னொரு தடவை சொன்னார்.