குதிரைக்குப் பின்னால் நடந்து வந்தவன்

போன மாதம் மகன் என்னை இங்கே சுவிசில் இருக்கிற திரிம்பாக் கோயிலுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனான். அவன் வில் என்ற ஊரில் லொறி ஓடுகிறவன். மற்ற லொறிக்காரர்களோடு பழகிப் பழகி அமெரிக்க மாட்டுக்காரப் பாட்டுகளில் அவனுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. அகலத் தொப்பி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறான். மருமகள் அதை வீட்டுக்குள் போட விடுவதில்லை. ஒல்டன் ஊருக்குக் கிட்டப் போகும்போது ஒரு பாட்டுத் தொடங்கியது. கிற்றாரின் முதல் இழுவையிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது.

“இது அந்தக் குதிரைப் பாட்டெல்லோ?” என்றேன்.

“அம்மாக்கு இது எப்பிடித் தெரியும்?”

“குதிரை முன்னுக்கு வரும். ஆள் பின்னுக்கு நடந்து வருவான்.”

மகன் சிரித்தான். “ஆர் உங்களுக்குச் சொன்னது? ஆள் ஆத்து வெள்ளத்திலை போயிட்டானம்மா. குதிரை மட்டும்தான் வீட்டை வருது. அவன்ரை மனுசி அதைப் பிடிச்சுக் கட்டுறாள். அவ்வளவுதான் பாட்டு.”

கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டபோது, செத்துப்போன என் சின்னம்மாவின் பெயர்தான் வாயில் வந்தது. மகன்தான் அவசரமாகப் பேரனின் பெயரைச் சொல்லிச் சமாளித்தான்.

இதே பாட்டை நான் டாவோசிலும் கேட்டிருக்கிறேன். என் கணவர் ஹோட்டலில் கோப்பை கழுவ, நான் கீழே துணி மடித்த காலம். பக்கத்தில் நின்ற சுவிஸ்காரி ஒருத்தி இந்தப் பாட்டு வந்தால் மடிக்கிற துணியாலேயே கண்ணைத் துடைப்பாள். சந்தோசத்தில் அழுகிறாள் என்று நினைத்து, அவளுடைய தோளில் தட்டி “குட், குட்” என்று சிரித்தேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது ஏனென்று இப்போதுதான் விளங்குகிறது.

அந்தப் பாட்டின் கதையை எனக்குச் சொன்னது மாமா. அம்மாவின் தம்பி. திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரர்களிடம் வேலை செய்து, அது முடிந்ததும் ஒரு றேடியோவோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். வீட்டில் அவருக்கு மட்டும்தான் இங்கிலீசு தெரியும். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட பிறகு றேடியோவில் அந்தப் பாட்டுகள் போகும். பாட்டென்றாலும் ஒவ்வொன்றும் ஒரு கதை. மாமா வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். மறியல் கம்பிக்குள் கிடந்தவன் கடைசியில் வெளியே வந்துவிடுவான். பாலம் உடைவதற்கு முன் ரயில் நின்றுவிடும். சாகக் கிடந்த தாய்க்கு மருந்து வந்து சேர்ந்துவிடும். அமெரிக்காவில் ஒருவரும் சாவதில்லை என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

அம்மாவுக்குச் சந்தேகம் இருந்தது. “ஆள் தப்பிட்டானெண்டா இவன் ஏன்ரா இப்பிடி ஒப்பாரி வைக்கிறான்?” என்று கேட்பார்.

“அது அவையின்ரை ராகம், அக்கா” என்பார் மாமா.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் இளையவர் சின்னம்மா. அவருடைய புருசன் கலியாணம் முடித்த கையோடு கப்பலில் வேலைக்குப் போனவர். கொஞ்சக்காலம் கடிதம் வந்தது. பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. சின்னம்மா எங்களோடுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் தலையைத் தன் மடிக்கு நேரே இழுத்து வைத்து, எண்ணெய் பூசிப் பின்னிக்கொண்டே கதை கேட்பார். குதிரைப் பாட்டு அநேகமாக ஒவ்வொரு கிழமையும் போகும். மாட்டுப் பட்டியை ஓட்டிச் சாய்த்துக்கொண்டு போனவனின் குதிரை தனியே வீட்டு வாசலுக்கு வரும் இடத்தில் சின்னம்மாவின் விரல்கள் என் தலைமயிருக்குள் அப்படியே நின்றுவிடும். “பின்னாலை ஆள் வாறான்” என்று மாமா சொன்ன பிறகுதான் பின்னல் நகரும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்த அந்த நாளில் ஒரு வருடம், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் சின்னம்மாவைக் கலியாணத்துக்குக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். மனைவியை இழந்தவர், அமைதியான மனிதர். எனக்குக் கற்கண்டு தருவார். எங்கள் பக்கத்தில் புருசன் திரும்பி வராத பெண்ணைக் கேட்டு வருவதே அபூர்வம். திங்கட்கிழமை அவருடைய தமக்கை முடிவு கேட்க வருவதாக இருந்தது. சின்னம்மா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அம்மாவும் மாமாவும் கிணற்றடியில் நின்று கதைத்தது எனக்குக் கேட்டது.

“நாளைக்கு அந்தப் பாட்டுப் போனா, அவனைக் கொண்டு வந்து சேர்க்காதை” என்றார் அம்மா.

“அவளின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு எப்பிடியக்கா சொல்லுறது?”

“பாக்காமல் சொல்லு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒழுங்காக வீடு வந்து சேருகிற ஒருவனைச் சாகடிக்கச் சொல்கிறாரே, அம்மாவுக்கு இவ்வளவு பொல்லாத மனமா என்று நினைத்தேன். அன்றைக்கு அம்மா குழைத்துத் தந்த சோற்றை நான் வாங்கவில்லை.

ஞாயிறு பாட்டு வந்தது. மாமா சொல்லிக்கொண்டே போனார். ஆறு பெருகியது. குதிரை வாசலுக்கு வந்தது. அதோடு மாமா நிறுத்திவிட்டார். பாட்டுக்காரன் மட்டும் பாடிக்கொண்டிருந்தான். அம்மா தேங்காய்ப் பாதியைக் கையில் பிடித்தபடி குசினி வாசலில் நின்றார்.

“அண்ணை, குதிரை தனியவோ வந்தது?” சின்னம்மா கேட்டார். என் மயிரைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு நொந்தது. நான் அசையவில்லை.

மாமா றேடியோவைப் பார்த்தார். பிறகு, பார்க்கக்கூடாதென்று அம்மா சொன்ன இடத்தைப் பார்த்தார்.

“தனியவில்லை. பின்னாலை வாறான். கால் நொந்து போச்சுது அவனுக்கு. மெல்ல மெல்லத்தான் வாறான்.”

சின்னம்மா என் பின்னலை முடித்து நாடாவைக் கட்டினார். தலையைத் திருப்பி நேராக இருக்கிறதா என்றும் பார்த்தார். “அக்கா, நாளைக்கு அவையை வரவேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ” என்றார்.

மனேச்சர் அடுத்த வருடம் வேறிடத்தில் கட்டினார். சின்னம்மா சாகும்வரை பொட்டு வைத்திருந்தார். சின்னம்மாவின் புருசன் போன கப்பல் புயலில் மூழ்கிவிட்டது என்று துறைமுகத்தில் கேள்விப்பட்டு வந்தவரே மாமாதான் என்பதையும், அதை அம்மாவிடம் மட்டும் சொன்னார் என்பதையும், எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு அம்மா சொன்னார். ஆனால் கிணற்றடியில் மாமாவிடம் அவர் கேட்டது பொய்யை அல்ல, பாட்டில் உண்மையாகவே இருந்ததைத்தான் என்பது அம்மாவுக்கே தெரிந்ததோ தெரியாது. கேட்க இப்போது ஒருவரும் இல்லை.

அந்த ஞாயிறு பாட்டு முடியுமுன்பே மாமா றேடியோவை நிறுத்திவிட்டு, செருப்பும் போடாமல் வெயிலுக்குள் இறங்கிப் போனார். அம்மா வாசல்படியில் இருந்துவிட்டார். நான் அவர் முன்னால் போய் நின்று, “வரக்கூடாதெண்டு சொன்னீங்கள். வந்திட்டான், பாத்தீங்களோ” என்று நாக்கை நீட்டிக் காட்டினேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. என்னை இழுத்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் வந்து சேர்ந்த பிறகும் இந்த வீட்டில் ஏன் ஒருவருக்கும் சந்தோசமில்லை என்று எனக்கு விளங்கவேயில்லை.