சாமியும் இல்லை, செய்வினையும் இல்லை

பெரம்பலூரில் பெண்கள் பள்ளி ஆசிரியையாக இருந்த எண்பதுகளில் எனக்கு ஒரு பழக்கம். கோடை விடுமுறையில் சென்னைக்குப் போனால் புடவை எடுக்க மாட்டேன், படம் வாங்கி வருவேன். முகமோ மரமோ மலையோ இல்லாத படங்கள். சதுரம், முக்கோணம், வட்டம், அவ்வளவுதான். எதையும் விற்றதில்லை, யாருக்கும் கொடுத்ததுமில்லை. கூடத்துச் சுவர் போதாமல் மகளின் அறையிலும் மாட்டினேன். "டீச்சர் வூட்ல கோலத்தக்கூட பிரேம் போட்டுல்ல மாட்டியிருக்காங்க" என்று தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மகளைப் பெண் பார்க்க அரியலூரிலிருந்து வந்தார்கள். போட்டோவில் பார்த்தே அவளுக்குப் பையனைப் பிடித்துப்போயிருந்தது. "படத்தையெல்லாம் கழட்டிருங்க அண்ணி" என்றாள் நாத்தனார். கழற்றவில்லை.

நான் காபியோடு கூடத்துக்கு வந்தபோது, பையனின் அம்மா ஒரு படத்தின் முன்னால் கண்மூடி நின்றுகொண்டிருந்தார். கறுப்புச் சதுரத்துக்குள் சிவப்பு முக்கோணம், நடுவில் ஒரு புள்ளி. தாம்பாளத்துக் குங்குமத்தை எடுத்து முக்கோணத்தின் முனைகளில் பொட்டு வைக்கத் தொடங்கினார்.

"ஐயோ, வைக்காதீங்க! அது சாமி இல்லிங்க."

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "சாமி இல்லியா? அப்ப செய்வினையா?"

நாத்தனார் என் காதில், "அம்மன் சக்கரம்னு சொல்லிடுங்க அண்ணி, முடிஞ்சு போச்சு" என்றாள். சொல்லியிருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றியிருப்பார்கள்.

"சாமியும் இல்லிங்க, செய்வினையும் இல்லிங்க. படம். எனக்குப் புடிச்சுது, வாங்குனேன்."

"இத பாத்துக்கிட்டேவா எல்லாரும் சோறு திங்கிறீங்க?" என்றவர் காபியைத் தொடவில்லை.

மறு வாரம் தரகர் வந்தார். அந்தப் படத்தைச் சிறுவாச்சூர் காளி கோயிலுக்கு எடுத்துப்போய் வாசலில் எரித்துவிட்டு வந்தால் நிச்சயம் பண்ணலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாழப்போகிறவள் மகள்தானே. "நீ சொல்லும்மா" என்றேன். அவள் சரி என்றிருந்தால் எரித்திருப்பேனா? தெரியவில்லை.

அவள் தரகரிடம், "எரிக்க மாட்டோம்னு சொல்லிடுங்க" என்றாள். அவர் போனதும் என் பக்கம் திரும்பி, "என் ரூம்ல இருக்கறத மட்டும் எடுத்துடும்மா. எனக்கும் சகிக்கல" என்றாள்.

எடுத்துவிட்டேன். கூடத்தில் இருந்ததை எடுக்கவில்லை. அடுத்துப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு, அந்தப் படத்துக்கு நேர் எதிரே நாற்காலி போட்டேன்.