மஞ்சள் தாளில் நான் கொடுத்த நோட்டீஸ்

மஞ்சள் தாளில் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டால் கடன் ஒழிந்துவிடும் என்று நான் நம்பினேன். நம்பியவன் யார் என்றால், அரியலூரில் ஒரு வாகன ஃபைனான்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் கலெக்‌ஷன் பார்ப்பவன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

1. தங்கராசு வீட்டுக் கேட்

தங்கராசுவும் நானும் செந்துறையில் ஒரே வகுப்பு. கணக்குப் பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவன். பிறகு சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஓட்ட டிப்பர் லாரிகள் வாங்கினான், பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்தான், கம்பெனி எங்களிடம் வாங்கிய லோனுக்குத் தானே ஜாமீனும் போட்டான். கம்பெனி படுத்தது. லாரிகளை விற்றும் பாக்கி நின்றது. ஜாமீன்தாரர் என்ற முறையில் அவனிடம் கேட்டுவர என்னை அனுப்பினார்கள். அன்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

கேட்டைத் திறந்தவன் ஒரு பேப்பரை நீட்டினான்.

"திவால் சட்டம் மாறிப்போச்சுடா மாப்ள. சென்னையில மனு போட்டுட்டேன். அது ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் எவனும் எங்கிட்ட வசூலுக்கு வரக் கூடாது. காப்பி சாப்புடுறியா?"

மேனேஜருக்குப் போன் போட்டேன். "ஆமாய்யா, லீகல்ல இப்பத்தான் சொன்னாங்க. ஒண்ணும் பேசாம உன் பைக்க எடுத்துக்கிட்டுக் கெளம்பி வந்துரு."

காப்பியில் சர்க்கரை சரியாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை. கோடியில் கடன் வைத்தவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோஜாச்செடிக்குத் தண்ணீர் விடுகிறான். நானோ மகள் படிப்புக்காகப் பெரம்பலூரில் ஒரு கூட்டுறவு வங்கியில் வாங்கிய கடனுக்கு, மாதம் பிறந்தால் தவணை கட்டக் கைமாற்று கேட்டு அலைகிறேன். அந்தக் கடனுக்கு ஜாமீன், வேப்பந்தட்டைப் பக்கம் வாத்தியாராக இருக்கும் என் மச்சான் செல்வம்.

2. ஜெராக்ஸ் கடை

திவாலானவன் கொடுப்பதை எங்கள் பக்கம் மஞ்சள் நோட்டீஸ் என்பார்கள். அதை யார் எழுதுகிறார்கள், எங்கே கொடுக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை. நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"மஞ்சத் தாள் நாலு குடுங்க."

"காதுகுத்தா சார்?"

"திவாலு."

"போங்க சார், உங்களுக்கு எப்பவும் தமாசுதான்."

'புதிய சட்டப்படி நான் திவால். இனி என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது' என்று எழுதி வங்கிக்கு அனுப்பினேன். தவணையை நிறுத்தினேன். இரண்டு மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை. நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன். ரோஜாச்செடிகூட வாங்கி வைத்தேன்.

3. மச்சான் போன்

"மாமா, என் சம்பளத்துல உங்க தவணையப் புடிச்சிட்டாங்க. மனை வாங்க லோன் போட்டிருந்தேன்ல, அதையும் நிறுத்தி வெச்சுட்டாங்க. நீங்க ஏதோ மஞ்சக் காயிதம் அனுப்பினீங்களாமே?"

ஹெல்மெட்டைக் கழற்றாமலே வக்கீல் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"மொதல்ல அதக் கழட்டுங்க" என்றார். "அந்தப் புதுச் சட்டத்துல கம்பெனிக்கு ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டுந்தான் கதவு தொறந்திருக்கு. உங்களமாதிரி சொந்தக் கடன்காரங்களுக்கான பகுதிய இன்னும் அமலுக்கே கொண்டுவரலங்க. உங்களுக்கு வெள்ளக்காரன் காலத்துச் சட்டந்தான். அதுக்கும் கோர்ட்டுலதான் மனு போடணும். போட்டாலும் உங்க மச்சான விடமாட்டாங்க."

'ஆள் சிக்கலன்னா ஜாமீனப் புடி' என்று புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பவன் நான். வங்கிக்காரர்கள் செய்தது அதைத்தான். தங்கராசுவைப் பார்த்து எரிந்துகொண்டிருந்ததில் என் தொழிலே எனக்கு மறந்துவிட்டது. தம்பிகளே, அடுத்தவன் கையில் இருக்கும் பேப்பரைப் பார்த்துப் பொறாமைப்படுங்கள், தப்பில்லை. அதில் யார் பெயருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு அப்புறம் பொறாமைப்படுங்கள்.

நின்ற பாக்கியை ஒரே தடவையில் கட்ட என்னிடம் பணம் இல்லை. செல்வத்தின் சம்பளத்தில் ஆறு மாதம் பிடித்தார்கள். அவன் பார்த்து வைத்திருந்த மனையை அதற்குள் வேறொருவர் கிரயம் செய்துகொண்டார்.