எலியின் சிறுநீர்ப்பையில் என் டாக்டர் பட்டம்

ஆராய்ச்சி மாணவியின் வேலையில் கஷ்டமானது ஆராய்ச்சி அல்ல, "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான். தீசிஸ் முடித்தவர்களுக்கும் முடிக்காமல் முழிப்பவர்களுக்கும் இது தெரியும்.

தொண்ணூறுகளில் அடையாறில் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். ஆண் எலிகளின் விரைகளை ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவோம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததும் சிறுநீர்ப்பையின் தசை மெலிந்து திசு கெட ஆரம்பிக்கும். சில எலிகளுக்கு மட்டும் வைட்டமின் ஈ கொடுத்து, அது திசுவைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் என் தலைப்பு.

பெண் பார்க்க வந்தவர்கள்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "லேபிலே என்ன பண்றேம்மா?" என்று கேட்டாள். சமையலறைக் கதவோரம் நின்ற என் அம்மா, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள். எனக்குச் சட்டென்று பொய் வரவில்லை. முழுதாகச் சொல்லிவிட்டேன். பையன் மெல்லக் கால்மேல் கால் போட்டுக்கொண்டான். அவன் அம்மா கேசரியைக் கீழே வைத்தாள்.

"ஆபரேஷனெல்லாம் எலியோட நின்னுடும், இல்லையோ?"

ஐஸ்

மே மாதத்தில் ஒருநாள் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரும் ரிப்பேர். ஃப்ரீஸரில் மாதக்கணக்கில் சேர்த்துவைத்த திசுக்கள் இருந்தன. உருகிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. ஆட்டோ பிடித்துப் பட்டினப்பாக்கம் ஓடினேன். மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் ஐஸ் கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் கெட்டுப்போகிறதா என்று விசாரித்தார். மீன் இல்லை, எலியின் மூத்திரப்பை என்றேன்.

ஐஸை உடைத்துக் கோணியில் கட்டிக்கொடுத்தார். கல்லுப்பு கலந்தால் குளிர் இன்னும் இறங்கும் என்பதால் அதையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கரண்ட் வரும்வரை டப்பாக்கள் தாக்குப்பிடித்தன. ஆனால் வழியெல்லாம் அந்த அம்மா கேட்டதுதான் காதில் இருந்தது.

"எலி மூத்தரப்பைக்கா இம்மாம் அழுவுற? உங்க ஊட்ல அத்த யாருனா துன்றாங்களா இன்னா?"

மைக்ரோஸ்கோப்

எது எந்த எலியின் திசு என்று தெரியாதபடி அடையாளங்களை மறைத்து ஸ்லைடுகளை என் கைடான பேராசிரியரின் முன்னால் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து நல்லது, கெட்டது என்று பிரித்தார். அடையாளங்களைத் திறந்து பார்த்தால், வைட்டமின் ஈ சாப்பிட்ட எலிகளின் தசை அவ்வளவாக மெலியவில்லை. ஆபரேஷன் ஆகாத எலிகள் அளவுக்கு இல்லை, ஆனாலும் பரவாயில்லை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கைடு கண்ணாடியைத் துடைத்தார்.

"சந்தோஷப்படும்மா. ஆனா எலிக்காக மட்டும் சந்தோஷப்படு."

கீழ்வீட்டு மாமா

கீழ்வீட்டு சீனு மாமாவுக்கு ப்ராஸ்டேட்டில் புற்றுநோய். டெஸ்டோஸ்டிரோன் அதை வளர்க்கும் என்று டாக்டர்கள் அவருக்கும் எங்கள் எலிகளுக்குச் செய்கிற அதே ஆபரேஷனைச் செய்திருந்தார்கள். அதன்பின் அவருக்கு நீர் பிரியும்போது எரிச்சல், நிமிஷத்துக்கு ஒருதரம் பாத்ரூம். என் அம்மா பெருமை தாங்காமல், வைட்டமின் ஈ சாப்பிட்ட எலியெல்லாம் நன்றாக இருக்கிறதாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

ஒருநாள் காலையில் மாமி படியில் நின்று கத்தினாள். "மாமாவுக்கு ரத்தமா போறதுடி!" இறங்கி ஓடினேன். மேஜைமேல், இதயத்துக்காக அவர் சாப்பிடும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை. பக்கத்திலேயே வைட்டமின் ஈ டப்பா, பாதி காலி.

"எத்தனை சாப்பிட்டேள் மாமா?"

"எலிக்கு எவ்வளவு தர்றேன்னு நீ சொல்லலையே. நான் பெரிய உடம்பாச்சேன்னு கைநிறையப் போட்டுண்டேன்."

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் மாமி என் கையை விடவே இல்லை. இரண்டும் சேர்ந்ததால்தான் ரத்தப்போக்கு என்று டாக்டர் சொல்லி, வார்டில் சேர்த்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண்ணை மூடினால் என் ஸ்லைடுகள்தான் தெரிந்தன. சில நாளில் ரத்தம் நின்றது. எரிச்சலுக்கு டாக்டர் வேறு மருந்து கொடுத்தார். எலிக்குச் சரியானது மனிதனுக்குச் சரிவருமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்று மாமாவின் கட்டிலருகே உட்கார்ந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"உன் தீசிஸ்லே மனுஷாளுக்கு ஒத்துக்கலைன்னு ஒரு வரி போட்டுடு. ஆதாரத்துக்கு நான் இருக்கேன்."

பட்டம் வந்து பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்ட நாளிலிருந்து, தெருவில் யார் தன் உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தாலும் நான் முந்திக்கொண்டு "நான் எலி டாக்டர்" என்று சொல்லிவிடுகிறேன்.