தம்பலகாமம் போய்வந்த கொம்பியூட்டர்

கோணேசர் அறிய, என் இரண்டு கண்ணும் அறியச் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நம்பாதவர்கள் இப்போதே எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். கொம்பியூட்டர் திருத்துகிறவன் பெட்டியை மட்டும் திருத்தினால் போதாது, அதைக் கொண்டுவருகிற ஆட்களையும் சேர்த்துத் திருத்தவேண்டும். வீட்டில் பெட்டியைத் திறந்துபோட்டு, "நேற்றுவரைக்கும் ஓடினதே" என்று தலையில் கைவைத்த உங்களுக்கு என் பாடு விளங்கும்.

சண்டைக்காலம். துறைமுகத்துக்கு மேலே ஓர்ஸ் ஹில் மேட்டில் ஒரு சலூனுக்குப் பக்கத்து அறைதான் என் கடை. ஒரு நாள் தம்பலகாமத்து வேலுப்பிள்ளையர் டிராக்டரில் ஒரு கொம்பியூட்டரோடு வந்து இறங்கினார். பின்னால், வாடிய முகத்தோடு சைக்கிளில் ரவி. அன்புவழிபுரத்துப் பெடியன், அவருடைய மகள் சுகந்திக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை. சுகந்தி வீட்டில் வகுப்பு நடத்தட்டும் என்று சாமான்களை ஒவ்வொன்றாய்ச் சேர்த்து, தன் கையால் பொருத்திப் பூட்டிக் கொடுத்த பெட்டி அது. வேகம் கூட்டக் கடைசியாய் ஒரு புது மெமரியும் போட்டிருக்கிறான். அவன் வீட்டில் ஓடிய பெட்டி, வேலுப்பிள்ளையர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டுபோன பிறகு அவர் வீட்டில் ஒரு கிழமையாய் எழும்பவில்லை.

வேலுப்பிள்ளையர் கதிரையில் இருந்து தீர்ப்பைச் சொன்னார்: "தம்பி, இது எழும்பினால் கலியாணம். எழும்பாட்டி, ஒரு பெட்டி பூட்டத் தெரியாதவனுக்கு என்னால பொம்பிளை குடுக்க ஏலாது."

அரை முகம்

கரண்டைக் கொடுத்தேன். திரை கறுப்பு. உள்ளிருந்து பீப், பீப், பீப் என்று சத்தம். மெமரி சரியாகப் பிடிக்காவிட்டால் பெட்டி அப்படித்தான் கத்தும். அது எனக்கும் ரவிக்கும் தெரியும், ஊருக்குத் தெரியாதே! அந்த நாளில் ஒரு பெட்டி பீப் அடித்தால் குண்டென்று ஓடாமல் நின்று காரணம் கேட்பார்களா? சலூன் ஒரு நொடியில் காலி. பாதி முகம் வழித்த ஒருவர், கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி பறக்க, இறக்கத்தில் ஓடினார். துறைமுகத்தில் நின்ற கப்பல்காரன் அதைச் சமாதானக் கொடி என்று நினைத்துச் சங்கு ஊதினான். என் காதால் கேட்டேன்.

கண்டி ரோட்டுக் குழிகளில் டிராக்டர் குலுக்கிய குலுக்கலில் மெமரி ஒரு பக்கம் கிளம்பியிருந்தது. அழுத்தினேன். டக்கென்று பொருந்தி இருந்தது, சத்தமும் நின்றது. அரை முகத்துக்காரர் வாசலில் மெல்லத் தலையை நீட்டினார்: "அண்ணை, மற்றப் பக்கத்தையும் வழிச்சு முடிக்குமட்டும் அதில கை வைக்காதேங்கோ, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்."

விளைச்சல்

சத்தம் நின்றதே தவிர, பெட்டி கொஞ்சம் உறுமிவிட்டு அணைந்தது. பவர் சப்ளையின் விசிறி சுற்றவில்லை. கழற்றினால் உள்ளே நெல்! மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று வேலுப்பிள்ளையர் பெட்டியை நெல்லுச் சாக்குக்குள் கட்டி ஏற்றியிருக்கிறார். சாக்கு நனைந்து, நெல் முளைத்து, விசிறியைச் சுற்றி நாற்றுமேடை போட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கதிர் தள்ளியிருக்கும். அடியில் கிடந்த வயல்நண்டைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"சாக்குக்குள்ளயா கட்டினீங்கள், மாமா?" என்று ரவி அழாக்குறையாகக் கேட்டான். வேலுப்பிள்ளையரோ ஒரு முளையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்: "மண்ணில்லாம, எருவில்லாம இவ்வளவு வந்திருக்கெண்டால், அது என்ர விதைநெல்லெல்லோ!"

வெற்றிலைப் பை

துப்புரவாக்கிக் காயவைத்துப் பூட்டியதும் விசிறி சுற்றியது, திரையிலும் வெளிச்சம் வந்தது. ஆனால் பெட்டிக்கு ஞாபகம் போய்விட்டது. தான் பிறக்காத காலத்துத் திகதியைக் காட்டியது. ஹாட் டிஸ்க்கா, அப்படியொன்றை அறியேன் என்று நின்றது. கேபிளை விலக்கிப் பார்த்தேன். அந்த ஞாபகத்தைக் காக்கிற வட்டப் பற்றரி இருக்கவேண்டிய குழி வெறுமையாய் இருந்தது.

"சத்தியமாப் போட்டனான் அண்ணை," என்றான் ரவி. "மாமாவுக்கும் காட்டி விளங்கப்படுத்தினனான்."

"போட்டால் எங்க? பறந்திட்டுதே?" என்றார் வேலுப்பிள்ளையர். "உம்மட கதை காணும், விடும். நான் சுகந்திக்கு வேற இடம் பாக்கிறன்."

ரவியின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் வழி தெரியவில்லை. குண்டுக்குப் போகிற சாமான் என்று பற்றரியைத் தடைசெய்திருந்த அந்த நாளில், அதைத் தேடி அலைகிறவனைப் பிடித்து விசாரிப்பார்கள். வேலுப்பிள்ளையரோ வெற்றிலை போடப் பையை விரித்தார். பாக்குச் சீவலுக்கு நடுவே வெள்ளியாய் ஒன்று மினுங்கியது. நான் ரவியைத் தேத்தண்ணி வாங்க அனுப்பினேன்.

"அண்ணை, அந்தப் பாக்கு ஏன் மினுங்குது?"

அவர் வாசலைப் பார்த்தார். "மெல்லக் கதை தம்பி. பற்றரியோட பிடிபட்டால் துலைஞ்சம் எண்டு எல்லாரும் சொன்னவை. செக்பொயின்ற் வரமுன்னம் கழட்டி ஒளிச்சனான். இந்தச் சின்னச் சாமான் இல்லாட்டி அவ்வளவு பெரிய பெட்டி படுத்திடும் எண்டு நான் கண்டனானே? அவன் வரமுன்னம் போட்டுவிடு. மாமன் எண்ட மரியாதை போயிடும்."

நான் பற்றரியை வாங்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். "போடலாம். முதல்ல கலியாணத்துக்கு மாதத்தைச் சொல்லுங்கோ."

"நீ திருத்துறவனோ, தரகனோ?"

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஆவணி! ஆவணி! போடடா!"

போட்டேன், ஹாட் டிஸ்க்கையும் திகதியையும் சொல்லிக் கொடுத்தேன். தேத்தண்ணியோடு ரவி உள்ளே வரவும் பெட்டி எழும்பவும் சரியாக இருந்தது. வேலுப்பிள்ளையர் எழுந்து அவன் தோளில் தட்டினார்: "பாத்தீரே மருமகன், நீர் பூட்டின பெட்டி பிழைக்காதெண்டு நான் அப்பவே சொன்னனானெல்லோ!"

பெட்டி எப்போதோ செத்துவிட்டாலும் அது நடத்திவைத்த கலியாணம் இன்னும் ஓடுகிறது, வேலுப்பிள்ளையரும் அதே பையைத் திறந்து வெற்றிலை போட்டபடி மருமகனின் கைராசியைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார், ஆகவே இதை நான் சொன்னதாக ஒருத்தரிடமும் மூச்சுவிடாதீர்கள், யாரும் துருவிக் கேட்டால் அந்த அரை முகத்துக்காரரைக் கைகாட்டிவிடுங்கள்.